கூறு போடாத பெயர்

அந்தக் காலத்தில், நாலு காலில் நடப்பதும் ரெண்டு காலில் நடப்பதும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நெடுங்கரை ஏரி என்று ஓர் ஏரி இருந்தது. கீழ்க்கரையில் நின்று கூப்பிட்டால் மேல்கரைக்குக் கேட்காது, அவ்வளவு அகலம். மழை பெய்தால் கடல் மாதிரி அலையடிக்கும். சித்திரை பிறந்துவிட்டாலோ அதே ஏரி வற்றி, களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். உதிர்ந்த இலை தரையில் விழுந்ததும் அப்பளம் போலச் சுருண்டுகொள்ளும்.

அந்த ஏரியின் மேல்கரையில் வளைகொம்பி என்ற எருமை இருந்தாள். கொம்பு ரெண்டும் பிறை மாதிரி பின்னால் வளைந்திருந்ததால் அந்தப் பெயர். அந்தக் கோடையில்தான் அவளுக்குத் தலைச்சன் கன்று பிறந்திருந்தது. பிறந்த நாளிலிருந்து கன்று ஏரியில் தண்ணீரைக் கண்ணால் பார்த்ததில்லை. மதகுக்கு அடியில் ஒரு குட்டை மட்டும் மிச்சமிருந்தது. அதிலும் தண்ணீர் பாதி, சேறு பாதி.

"ஏம்மா, தண்ணி எப்ப வரும்?"

"உங்க மாமனுங்களும் சித்தியும் ஆட வருவாங்க. ஆடினா வரும்."

"ஆடினா தண்ணி எப்படிம்மா வரும்?"

வளைகொம்பி கன்றின் நெற்றியை நக்கிக்கொடுத்தாள். நக்கியபடியே சொன்னாள்.

"எங்க ஆத்தா காலத்துல இதைவிடப் பெரிய பஞ்சம் ஒண்ணு வந்துச்சு. மான் செத்துப்போச்சு, அது குட்டி நின்னுச்சு. கரடி செத்துப்போச்சு, அது குட்டி நின்னுச்சு. குரங்குக்கும் முயலுக்கும் அதே கதி. எங்க ஆத்தா நாலையும் கூட்டிட்டு வந்து, என்னோட சேர்த்து அஞ்சு பேருக்கும் பால் கொடுத்தா. பால் ஊற தண்ணி வேணுமில்ல? இந்த ஏரி நடுவுல நின்னு முன்னங்காலால மண்ணை ஓங்கி ஓங்கி மிதிச்சா. குளம்பு பிளந்து ரத்தம் கொட்டுச்சு. விடலையே. களி உடைஞ்சு ஊத்துக்கண் தொறந்துச்சு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் நொண்டித்தான் நடந்தா."

"அப்புறம்?"

"சாகுறப்ப எங்களைக் கூப்பிட்டா. 'என் தோலைக் கழுகுக்கு விட்டுடாதீங்க. பந்தாத் தைச்சு, கோரையை அடைச்சு, வருஷா வருஷம் ஏரி வத்துறப்ப எல்லாரும் சேர்ந்து இந்தக் களியில ஆடுங்க. நான் ஒரு காலால பொளந்ததை நீங்க அத்தனை பேர் காலாலயும் பொளங்க. கால் தரையில படணும். அது போதும்'னு சொன்னா. அவ காலை நினைச்சுத்தான் அந்த ஆட்டத்துக்குக் கால்பந்துன்னு பேர் வச்சோம்."

கன்று மதகுப் பக்கம் பார்த்தது. பிறகு ஏரியைப் பார்த்தது. "சீக்கிரம் வரச் சொல்லும்மா" என்றது.

வந்தார்கள். சொன்ன நாளுக்கு எல்லாரும் வந்தார்கள். ஆத்தா வளர்த்த நாலு குட்டிகளும் இப்போது நாலு கூட்டத்துக்குத் தலைவர்கள். கீழ்க்கரையிலிருந்து புள்ளியான் என்ற மான் தன் மந்தையோடு இறங்கினான். தென்புறத்துப் பாறைகளிலிருந்து சடையன் என்ற கரடி அசைந்து அசைந்து வந்தான். ஆலமரத்திலிருந்து நெடுவாலி என்ற மந்தி தன் படையோடு குதித்தாள். கோரைப் புதர்களுக்குள்ளிருந்து குத்துக்காதன் என்ற முயலின் கூட்டம் வந்தது. எண்ணிக்கையில் அதுதான் பெரிது, பேச்சில்தான் சிறிது.

எருமைத் தோல் பந்தை வளைகொம்பிதான் நடுவில் உருட்டிவிட்டாள். மூத்தவள் அவள்தானே. பந்து உருண்டதும் கூச்சல் கிளம்பியது. புள்ளியான் குளம்பால் ஓர் உதை விட்டான். சடையன் விழுந்து பந்தைக் கட்டிப்பிடித்து, எதிரே வந்தவர்களையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினான். நெடுவாலி அவன் கக்கத்திலிருந்து பந்தைப் பிடுங்கித் தலைக்கு மேல் வீசினாள். அது வந்து விழுந்த இடத்தில் குத்துக்காதன் இருந்தான். பந்தைத் தரையில் தட்டினான், குதித்தான், தட்டினான், குதித்தான். அதற்குள் ஏழெட்டுப் பேர் அவன் மேல் விழுந்தார்கள். பந்து மறுபடியும் சடையன் கக்கத்துக்குப் போனது.

வருஷா வருஷம் நடப்பதுதான். வருஷா வருஷம் சாயங்காலம் சிரிப்பில்தான் முடியும். அந்த வருஷம் வெயில் அதிகம், தாகம் அதிகம், பொறுமை குறைவு. புள்ளியான் நின்றுவிட்டான்.

"போதும். பந்தைக் கீழ வை அண்ணே. இது கால்பந்து. பேர்லயே கால் இருக்கு. கை எங்க வந்துச்சு அதுல?"

சடையன் பந்தை இன்னும் இறுக்கிக் கொண்டான். "எனக்குக் கை இருக்குடா. ஆத்தா பார்த்துத்தானே வளர்த்தா? கையை முதுகுல கட்டிக்கிட்டு ஆடுன்னு என்னைக்காவது சொன்னாளா?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றாள் நெடுவாலி. "எறியறதுதான் அழகு. இப்படி இடிச்சுத் தள்ளிட்டுப் போறதுக்குப் பேரு ஆட்டமா? ஆட்டுக்கிடா சண்டை அது. நாலு எட்டு ஓடணும், நிக்கணும், எல்லாரும் தலையைச் சேர்த்து யோசனை பண்ணணும், அப்புறம் எறியணும்."

"ஆட வந்தியா, பஞ்சாயத்து பேச வந்தியா?" என்றான் புள்ளியான்.

"நீ மட்டும் யோக்கியமோ? சித்த முன்னாடி தலையால முட்டினியே, அது கணக்குல காலா, தலையா?"

குரங்குகள் சிரித்தன. மான்கள் கொம்பைத் தாழ்த்தின. "யாராவது என் காதை விட்டு இறங்குங்கப்பா" என்று அடியிலிருந்து குத்துக்காதன் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

அதன் பிறகு பேச்சுத் தடித்தது. ஒருவரை ஒருவர் வளர்ப்பைச் சொல்லித் திட்டினார்கள். ஒரே மடியில் வளர்ந்தவர்கள் வளர்ப்பைச் சொல்லித் திட்டினால் அது யாரைப் போய்ச் சேரும்? வளைகொம்பி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது ஏரி காலியாக இருந்தது. மான்கள் கரையேறிவிட்டன. முயல்கள் வளைக்குள் போய்விட்டன. குரங்குகள் ஆலமரத்து உச்சியில். சடையன் மட்டும் தன் பாறையில், பந்தை அடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தான்.

களி உடையவில்லை. ஊற்று திறக்கவில்லை.

குட்டை சுருங்கிக்கொண்டே வந்தது. ஓரத்தில் காய்ந்த சேறு ஒரு வளையம், அதற்குள் இன்னொரு வளையம். வளைகொம்பிக்குப் பால் குறைந்தது. கன்று மடியை முட்டும், ரெண்டு வாய் குடிக்கும், நின்று பார்க்கும், மறுபடியும் முட்டும். கடைசியில் ஒரு காலை, முட்டவும் மனமில்லாமல் அவள் காலடியில் படுத்துவிட்டது. நாக்கு வெளியே வந்திருந்தது.

வளைகொம்பி எழுந்தாள். முதலில் தென்புறத்துப் பாறைக்குப் போனாள்.

"தம்பி, பந்தைக் கொடு. ஆட வா."

"வரேன்க்கா. ஆனா அந்த மான் பய என் கையைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

கீழ்க்கரைக்குப் போனாள். அந்த வெயிலில் அவ்வளவு அகலத்தையும் நடந்து கடந்து போனாள். புள்ளியான் அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். மரியாதையில் குறை வைக்கவில்லை. "நீ கூப்பிட்டா வராம இருப்பேனாக்கா? கையை வீட்டுல வச்சுட்டு வரச் சொல்லு, வரேன்."

ஆலமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "தங்கச்சி, இறங்கி வா. தரையில கால் படட்டும்."

"படாது" என்று இலைகளுக்குள்ளிருந்து பதில் வந்தது. "மரியாதை இல்லாத தரையில என் கால் படாது."

முயல் வளையருகே குனிந்து கூப்பிட்டாள். குத்துக்காதன் தலையை மட்டும் நீட்டினான். காதில் இன்னும் காயம் ஆறவில்லை. "எனக்கு யார் மேலயும் கோவமில்லக்கா. தட்டித் தட்டிக் குதிக்கவிட்டா ஆடுவேன். யாரு விடுறா?"

திரும்பி வந்தாள். அவளுக்கு எல்லாரும் சொன்னது ஞாயமாகவே பட்டது. ஞாயமாகப் பட்டதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஒருவன் மேல் தப்பு இருந்தால் அவனைக் கண்டித்து ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம். தப்பே இல்லாத நாலு பேரை என்ன செய்வது?

கன்று தட்டுத்தடுமாறி எழுந்து அவள் மடியைத் தேடியது. நெற்றியால் ஒரு முட்டு. வற்றிய மடியில் சுரீரென்று வலித்தது. அந்த வலியில் அவளுக்குப் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. அஞ்சு பேரும் ஆத்தாவின் மடியில் குடித்த நாள்.

புள்ளியான் தரையை உதைத்துக்கொண்டேதான் குடிப்பான். பால் வரத் தாமதமானால் முன்னங்குளம்பால் டொக் டொக் என்று உதைப்பான். சடையன் ஆத்தாவின் பின்னங்காலை ரெண்டு கையாலும் கட்டிக்கொள்வான். பிடித்து இழுத்தாலும் விடமாட்டான். நெடுவாலி வாய் வைக்கவே மாட்டாள். உள்ளங்கையைக் குழித்து ஏந்துவாள், கொஞ்சம் குடித்து நிறுத்துவாள், சுற்றிலும் பார்ப்பாள், மறுபடியும் ஏந்துவாள். குத்துக்காதனுக்கு எட்டாது. குதித்துக் குதித்து, எட்டின நேரத்தில் ஒரு சொட்டு.

ஆத்தா யாரையும் ஒன்றும் சொன்னதில்லை. ஒருவனைப் பார்த்து இன்னொருவன் மாதிரி குடி என்று சொன்னதேயில்லை. நகர்ந்து நின்று கொடுத்தாள். குட்டிக்குத் தகுந்த மாதிரி குனிந்தும் சாய்ந்தும் கொடுத்தாள்.

"குடிச்ச மாதிரியேதான்டா ஆடுறானுங்க" என்று வளைகொம்பி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்ததால், சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றைக்கே எல்லாரையும் ஏரி நடுவுக்கு வரச் சொல்லி அனுப்பினாள். ஆடக் கூப்பிடவில்லை, பாகம் பிரிக்கக் கூப்பிடுகிறேன் என்று சொல்லச் சொன்னாள். பாகம் என்றதும் எல்லாரும் வந்தார்கள். நெடுவாலி கூட இறங்கினாள்.

"பந்தை வை, சடையா."

சடையன் வைத்தான். வளைகொம்பி அதன் முன்னால் முழங்கால் மடித்து அமர்ந்தாள். கொம்பின் நுனியைத் தையலுக்கு நேராகக் கொண்டுபோனாள்.

"அக்கா!" புள்ளியான் முன்னால் பாய்ந்தான். "என்ன பண்றே? அது ஆத்தாவோட தோலுக்கா."

"எனக்குத் தெரியாதாடா? நான் அவ வயித்துல கிடந்தவ."

"அப்படின்னா எப்படி மனசு வருது உனக்கு?"

"வரலை" என்றாள் வளைகொம்பி. "கன்னுக்குட்டி செத்துப்போகும், அதனால பண்றேன். என் கன்னு மட்டுமில்ல, உன் குட்டியும்தான். நீங்க நாலு பேரும் ஒரு ஆட்டமா ஆட மாட்டீங்க. ஆடாம இருந்தா களி உடையாது. நாலு ஆட்டமா ஆடுங்க. ஆனா ஒரே நாள்ல, ஒரே ஏரியில ஆடுங்க. தண்ணிக்கு அது போதும்."

"ஆத்தாவுக்குப் போதுமா?" என்று குத்துக்காதன் மெல்லக் கேட்டான்.

வளைகொம்பி கொம்பைத் தையலில் கொடுத்து ஒரு இழு இழுத்தாள்.

தையல் விட்டது. உள்ளே அடைத்திருந்த கோரை புஸ்ஸென்று வெளியே வந்தது. அதோடு ஒரு வாசனையும் வந்தது. பாலும் வியர்வையும் ஈர மண்ணும் கலந்த வாசனை. அஞ்சு பேருக்கும் அது என்ன வாசனை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சடையன் ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். நெடுவாலி, அந்த வாயாடி, வாயே திறக்கவில்லை. காற்று கோரையை ஏரி முழுக்க அள்ளிக்கொண்டு போனது. அள்ளிக்கொண்டு போனதை யாரும் துரத்திப் பிடிக்கவில்லை.

வளைகொம்பி தோலை நாலாகக் கூறு போட்டாள். பாகம் பிரிப்பதில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் பிரிக்க வேண்டும். இளையவர் முதலில் எடுக்க வேண்டும். பிரித்தவருக்குக் கடைசியில் மிஞ்சுவதுதான். அப்போதுதான் பிரிக்கிற கை நேராக இருக்கும். குத்துக்காதன் முதலில் வந்து, தொட்டுக் கும்பிட்டு ஒரு கூறை எடுத்தான். அடுத்து நெடுவாலி, அடுத்து புள்ளியான், அடுத்து சடையன். நாலு கூறும் போய்விட்டன. வளைகொம்பிக்கு மிஞ்சியது வெறும் தரை.

நாலு பேரும் அதை அப்போதுதான் கவனித்தார்கள்.

"அக்கா, உனக்கு?"

"எனக்கு ஒண்ணு வச்சிருக்கேன். பேரு. அதை மட்டும் கூறு போடலை. நீங்க உதைச்சு ஆடினாலும், கட்டிப்பிடிச்சு ஓடினாலும், எறிஞ்சாலும், குதிச்சாலும், ஆட்டத்துக்குப் பேரு கால்பந்துதான். வேற பேரு வைக்கக் கூடாது."

நெடுவாலிக்கு வாய் திரும்பி வந்தது. "நான் ஆடுறது முக்காலும் கையாலக்கா. அதுக்குக் கால்னு பேர் வச்சா ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டுமே. சிரிச்சவங்க ஏன்னு கேப்பாங்கல்ல? கேக்குறவங்களுக்குச் சொல்லு. நீங்க எந்தக் காலால உதைக்கிறீங்கங்கிறதுக்கு வச்ச பேரு இல்ல அது. நாம எந்தக் காலால பிழைச்சோங்கிறதுக்கு வச்ச பேரு."

புள்ளியான் தலைகுனிந்தான். பேரை வைத்துச் சண்டை பிடித்தவன் அவன்தானே.

பிறகு அவரவர் கூறை அவரவர் தைத்தார்கள். புள்ளியானுக்குக் கிடைத்தது முதுகுத் தோல், அகலமானது, உருண்டையாக வந்தது. சடையனுக்கு வந்தது கழுத்துத் தோல். எப்படி மடித்துத் தைத்தாலும் முழுத் தேங்காய் மாதிரி ரெண்டு பக்கமும் கூம்பிக்கொண்டு நின்றது. "கட்டிப்பிடிக்க இதுதான் தோது" என்று அவன் சமாதானம் சொல்லிக்கொண்டான். நெடுவாலியுடையதும் நீளம்தான், அவள் கைக்கு அடங்குகிற மாதிரி சிறியது. குத்துக்காதன் தட்டினால் துள்ளுகிற மாதிரி விறைப்பாகத் தைத்தான்.

ஏரியின் நாலு மூலையிலும் நாலு ஆட்டம் தொடங்கியது. குளம்பும் பாதமும் உள்ளங்காலும் ஒரே நேரத்தில் களியில் விழுந்தன. புழுதி எழுந்தது. ஒரு மூலை இன்னொரு மூலைக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

நடுவில் வளைகொம்பி கன்றோடு நின்றாள்.

"நமக்குப் பந்து இல்லையாம்மா?"

"இல்ல. கால் இருக்கு."

ஆத்தா நின்ற அதே இடத்தில் நின்று முன்னங்காலை ஓங்கி மிதித்தாள். கன்றும் தன் சின்னக் குளம்பால் மிதித்தது. வெயில் சாய்ந்தது. நாலு மூலையிலும் அத்தனை கால்களும் மிதித்ததில் நடுவில் பாளம் ஒன்று அசைந்தது. அவள் இன்னும் ஓங்கினாள். பாளம் பிளந்தது. கறுப்பாக ஈரம் கசிந்தது; பிறகு குமிழி வந்தது; பிறகு ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது.

கன்று குனிந்து குடித்தது. தும்மியது. மறுபடியும் குடித்தது.

நாலு மூலையிலிருந்தும் ஓடிவந்தார்கள். எல்லாரும் ஒன்றாகத்தான் குனிந்து குடித்தார்கள். குடித்து முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சண்டை போன இடம் தெரியவில்லை. பழையபடி சேர்ந்து ஆடலாமே என்று ஒருவேளை நாலு பேர் மனதிலும் இருந்திருக்கலாம். ஆனால் சேர்ந்து ஆட ஒரே பந்து இல்லை. நாலு பந்து இருந்தது. அவரவர் பந்தை எடுத்துக்கொண்டு அவரவர் கரைக்குப் போனார்கள்.

வளைகொம்பி அந்தத் தண்ணீரிலேயே படுத்துவிட்டாள். தண்ணீர் ஏறி முதுகை மூடியது. தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, நாலு கரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் மொள்ளக் கரைக்கு வந்த மனிதர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழ்க்கரையில் நின்றவர்கள் மானைப் பார்த்து உதைக்கக் கற்றார்கள். தென்பாறையில் நின்றவர்கள் கரடியைப் பார்த்துக் கட்டிப்பிடித்து ஓடக் கற்றார்கள். மரத்தடியில் நின்றவர்கள் எறியவும், நின்று கூடிப் பேசவும் கற்றார்கள். கோரைப் பக்கம் நின்றவர்கள் தட்டிக் குதிக்கக் கற்றார்கள். பின்னொரு காலத்தில் விலங்குகளின் பேச்சு நின்றுபோனது. மனிதர்கள் மட்டும் கற்றதை எடுத்துக்கொண்டு மலை தாண்டியும் கடல் தாண்டியும் போனார்கள். தனி அடுப்பு வைத்த பங்காளிகள் எல்லாரும் நம்ம வீடுதான் பெரிய வீடு என்பார்கள் இல்லையா, அதே மாதிரி அவரவர் நாட்டில் அவரவர் ஆட்டத்தையே கால்பந்து என்றார்கள், மற்றவர் ஆட்டத்துக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். பேரை மட்டும் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அன்று முதல்தான், உதைக்கிற ஆட்டமானாலும் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டமானாலும், பந்து உருண்டையானாலும் நீளமானாலும், எல்லாம் காலின் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கின்றன. அன்று முதல்தான், வற்றிய ஏரியில் பிள்ளைகள் பந்தாடும்போது, மிச்சமிருக்கும் குட்டையில் ஓர் எருமை தலையை மட்டும் வெளியே நீட்டி, தனக்கென்று ஒரு பந்தும் இல்லாமல், ஆட்டம் முடியும்வரை பார்த்துக்கொண்டே கிடக்கிறது.